சராசரிக்குக் கீழ் நின்ற பள்ளிகள்

நன்று சூழ்க. மழை தவறாத மலையும் கலம் தவறாத துறையும் எல்லையாக விளங்கும் நெடுந்துறை நாட்டின் அரசியார், ஆழிமங்கலத்து அரியணை அமர்ந்த நெடுங்கோதையார் சொல்ல, அரச ஓலை எழுதும் ஓலைநாயகம் அரையன் பொதியில் என்பவன் எழுதியது. குறுமலைக் கூற்றம் காக்கும் நாடாள்வார் கொற்றங்குமரனார் கண்டு தெளிக. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் மலையில் தேன் பெருகுக. உம் குடிகள் பிணியின்றி வாழ்க. இங்கு அரசியார் நலம். பல நாள் முகம் இறுகியிருந்தவர் இன்று காலை வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் காரணத்தைச் சொல்லவே இவ்வோலை வருகிறது.

கட்டளையை மட்டும் எழுதி முத்திரையிட்டால் போதும் என்றனர் அவையோர். காரணம் தெரியாமல் ஒரு சட்டத்தை நடத்தியதால் வந்த வினை போதும் என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுதுமாறு அரசியார் பணித்தார். பேசியவர்களின் பேச்சும் அவரவர் வாயில் வந்தபடியே நிற்கட்டும் என்றார்.

நீர் அறிந்த சட்டம்தான். ஆண்டுதோறும் எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகளைச் சோதித்து, ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, அவற்றைக் கூட்டிப் பகிர்ந்து நாட்டின் சராசரியைக் காண்பது. அந்தச் சராசரிக்குக் கீழ் நின்ற பள்ளியைப் பூட்டி அரக்கு முத்திரை வைப்பது. கேட்பதற்கு நேர்மையான சட்டம். பேரமைச்சர் வகுத்தார், அவை ஒப்பியது, சராசரியும் ஆண்டுக்காண்டு உயர்ந்தது.

அந்த முத்திரையை ஊர் ஊராகச் சுமந்தவர் கல்விக் கண்காணி சேந்தன் கண்டனார். அதிகம் பேசாதவர். இம்முறை அவர் முள்ளிக்கரைக்கு வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள். ஆசிரியை காரிநங்கை அவர் கையிலிருந்த அரக்கைப் பார்த்தாள். வந்த காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. அழவில்லை, காலில் விழவில்லை.

"ஐயா, பாடம் நடுவுல நிக்குது. பாதியோட விட்டா புள்ளைங்க குழம்பிடும். முடிச்சிடறேன், அப்புறம் பூட்டுங்க" என்றாள்.

கண்டனார் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். பூட்ட வந்த இடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்பது அவருக்கு இதுவே முதல்முறை.

நாழி நிறைய நீர் இருந்தது. நாழியில் பாதி உரி, கால் உழக்கு, அரைக்கால் ஆழாக்கு என்று பிள்ளைகள் ஊற்றியும் மீண்டும் சேர்த்தும் பார்த்தார்கள். பிறகு துறைமுகத்து வணிகர் கொண்டுவந்த புள்ளிக் கணக்கு வந்தது. ஒன்றைப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் மீண்டும் பத்தாக்குவது அது. புள்ளி ஐந்து பெரிதா, புள்ளி இருபத்தைந்து பெரிதா என்று ஆசிரியை கேட்டாள்.

"இருபத்தஞ்சுதான் பெருசு. இருபத்தஞ்சு எங்கே, அஞ்சு எங்கே" என்றான் ஆச்சன் என்னும் சிறுவன்.

பக்கத்தில் இருந்த குன்றி என்பவள் உடனே, "சரிடா, என் அதிரசத்துல புள்ளி இருபத்தஞ்சு நீ எடுத்துக்கோ. புள்ளி அஞ்சை எனக்கு விட்டுடு" என்றாள்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியை யார் சொன்னது சரி என்று சொல்லவில்லை. நாழியில் புள்ளி ஐந்து எவ்வளவு, புள்ளி இருபத்தைந்து எவ்வளவு என்று ஆச்சனையே ஊற்றச் சொன்னாள். ஒன்று உரியை நிறைத்தது. மற்றது உழக்கோடு நின்றது. ஆச்சன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பின்பு, அதிரசம் முழுதாகவே இருக்கட்டும் என்றான்.

பாடம் முடிந்தது. ஆசிரியை விலகி நின்றாள். பிள்ளைகள் அரக்கைக் கண்டு, எதற்கு என்று கேட்டார்கள். காரணம் சொல்லாமல் பூட்ட அன்று கண்டனாருக்கு மனம் வரவில்லை. கணக்கு அறிந்த பிள்ளைகள். சட்டத்தின் நேர்மையை அவர்களே போட்டுப் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்தார். மணல் பரப்பிய பலகையை இழுத்து, ஒரு நாட்டில் ஐந்தே பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்பது, எட்டு, எட்டு, ஏழு, ஆறு என்று எழுதினார். கடைசி உங்கள் பள்ளி என்றார்.

பிள்ளைகள் கூட்டினார்கள், முப்பத்தெட்டு. ஐந்தால் பகிர்ந்தார்கள். ஏழு புள்ளி ஆறு என்று ஒரே குரலில் வந்தது. ஏழும் ஆறும் அதற்குக் கீழ் நிற்பதை அவர்களே சொன்னார்கள். கண்டனார் அவ்விரண்டையும் விரலால் அழித்தார். இதுதான் சட்டம் என்றார். எழுந்திருக்கவும் செய்தார்.

ஆனால் காரிநங்கையின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கணக்கு முடிந்தாலும் பலகையில் மிஞ்சி நிற்பதை வைத்து அதே கணக்கை மறுபடியும் போடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டுக்கு மிஞ்சியது ஒன்பதும் இரண்டு எட்டும். கூட்டினால் இருபத்தைந்து. மூன்றால் பகிர்ந்தபோது எட்டு வந்து, புள்ளிக்குப் பின் மூன்று வந்தது, மறுபடி மூன்று வந்தது.

"மூணு மூணா வந்துக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குதே" என்று ஆச்சன் முறையிட்டான். எட்டும் மூன்றில் ஒன்றும் என்று எழுதி நிறுத்தும்படி ஆசிரியை சொன்னாள். எட்டு அதைவிடச் சிறிது. கண்காணி செய்ததைப் போலவே ஆச்சன் இரண்டு எட்டுகளையும் அழித்தான். பலகையில் ஓர் ஒன்பது மட்டும் நின்றது.

குன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இந்த ரெண்டு எட்டும் போன வருஷம் மேலதானே நின்னுச்சு? அதுங்க ஒண்ணும் குறையலையே. எதுக்கு மூடறீங்க?"

தாம் பூட்டிய பள்ளிகளில் எத்தனை எட்டுகள் இருந்தன என்று கண்டனார் அப்போது எண்ணத் தொடங்கினார் என்றும், எண்ணி முடிக்க மனம் துணியவில்லை என்றும் பின்னர் எம்மிடம் சொன்னார். முள்ளிக்கரையும் சென்ற ஆண்டைவிட அரை மதிப்பெண் கூட எடுத்திருந்தது. பள்ளி வளர்ந்திருந்தது, மற்றவற்றை அழித்ததால் சராசரி அதைவிட வேகமாக ஏறியிருந்தது.

அவர் அரக்கைப் பைக்குள் வைத்தார். முத்திரை வைக்காமல் திரும்பும் கண்காணி பதவியும் காணியும் இழப்பார் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

"உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றாள் ஆசிரியை.

தெரியும் என்று சொல்லி அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவையில் அவர் தம் பிழையையோ துணிவையோ பேசவில்லை. மணலில் ஐந்து எண்களை எழுதி, அரசியாரையே கணக்கைப் போடுமாறு வேண்டினார். அரசியார் போட்டார். மிஞ்சியதை வைத்து மறுபடியும் போட்டார். பேரமைச்சர் குறுக்கிட்டு, இது பிள்ளைகள் விளையாட்டு, நாடு ஐந்து பள்ளிகளால் ஆனதன்று, அச்சம் போனால் ஆசிரியர்கள் தூங்கிவிடுவார்கள், சட்டம் வந்தபின் சராசரி உயர்ந்திருப்பதை எவரும் மறுக்க முடியாது என்றார். இப்போது நாட்டில் எத்தனை பள்ளிகள் திறந்திருக்கின்றன என்று அரசியார் கேட்டார். சட்டம் வந்தபோது இருந்தவற்றில் காலே அரைக்கால் பங்கு, அதாவது எட்டில் மூன்று, என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

அரசியார் பலகையைத் தம் பக்கம் இழுத்து மறுபடியும் பார்த்தார். அதற்குள் கண்டனார் தம் காணியை மனத்தளவில் விட்டுவிட்டாராம். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டுமே மிச்சமிருந்ததாம்.

பிறகு அரசியார் சொன்னார்: "அமைச்சரே, இந்த அவையில குள்ளமா இருக்கிறவங்களையெல்லாம் வெளியே அனுப்பிட்டா சராசரி உயரம் கூடும். அதனால நீங்க ஒரு விரற்கடையாவது வளர்ந்துடுவீங்களா?"

பேரமைச்சர் அவையிலேயே குள்ளமானவர். முதலில் சிரித்தவரும் அவரே. அவர் சிரித்தபின் அரசியாரும் வாய்விட்டுச் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். கண்டனார் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு மனிதர் அத்தனை நீரை ஒரே மூச்சில் குடித்ததை யாம் கண்டதில்லை.

ஆகவே அரசியாரின் ஆணை இது. சராசரிச் சட்டம் இன்றோடு நீங்கிற்று. சோதனையும் மதிப்பெண்ணும் நீங்கவில்லை. ஆனால் இனிச் சராசரிக்குக் கீழ் நிற்கும் பள்ளிக்குப் பூட்டு போகாது, இரண்டாம் ஆசிரியர் ஒருவர் போவார். அவருக்குரிய ஊதியம் அரண்மனைச் செலவில் சேரும். காரிநங்கை முள்ளிக்கரையிலேயே பாடம் நடத்துவாள். சேந்தன் கண்டனார் பதவியோடும் காணியோடும் இருப்பார். முத்திரைகளைத் தம் கையாலேயே உடைக்க அவர் விரும்பிக் கேட்டார், அரசியார் இசைந்தார். அவர் புறப்பட்டுவிட்டார். உம் கூற்றத்திற்குத்தான் முதலில் வருகிறார். அவர் வருமுன் விலக்கப்பட்ட ஆசிரியர்களைத் தேடி அழைத்து வைப்பது உம் கடன்.

உம் கூற்றத்தில் பூட்டிய பள்ளிகள் சிலவற்றைப் பின்கதவு வழியாகத் திறந்து, நீர் நெற்கிடங்காக வைத்திருக்கிறீர் என்று கேள்வி. அதற்கு இப்போது தண்டம் இல்லை. இவ்வோலை கண்ட பொழுதே மூட்டைகளை வெளியே எடுக்க. தரையைப் பெருக்கி மெழுகுக. நெல்லை எங்கே வைப்பது என்று கேட்டு மறுஓலை விடுக்க வேண்டாம். உம் மாளிகையில் உம் உறவினர் தங்கும் கூடங்கள் நான்கு உண்டென்றும், அவற்றில் மூன்று வெறுமையாகக் கிடக்கின்றன என்றும் அரசியார் அறிவார். அது எத்தனை பங்கு என்பதை, பள்ளி திறந்ததும் உம் ஊர்ப் பிள்ளைகள் உமக்குச் சொல்வார்கள்.

அரசியார் கேட்டுச் சரி என்றார். சுறாமீன் முத்திரை இட்டது. இவை அரையன் பொதியில் எழுத்து. கதவுகள் திறக்க.