வூட்டுக்குள்ள போடுற செருப்பு

வியாழன், ராத்திரி.

குதிகால் வலிக்கு டாக்டர் சொன்னபடி, நடுவுல மடங்காத, குதிகாலைத் தாங்குற செருப்பா தேடி தருமபுரியில வாங்கியாந்தேன். வூட்டுக்குள்ள போடத்தான்.

"மாதா படம் இருக்கிற வூட்டுல செருப்பா?"ன்னு வூட்டுக்காரர் எகிறினார்.

"மாதாவுக்குக் குதிகால் வலிக்கலீங்க, எனக்குத்தான் வலிக்குது"ன்னேன். மனுசன் டிவி பக்கம் திரும்பிக்கிட்டார்.

ஜெயிச்ச தெம்புல தோசை ஊத்தப் போனேன். சமையக்கட்டு வாசல்ல காலு தன்னால செருப்பைக் கழட்டி விட்டுடுச்சு. பொறந்ததுலேர்ந்து வந்த பழக்கம், என்ன பண்றது! வெறுங்காலோட நின்னு பதினஞ்சு தோசை. வலியில உசிரே போச்சு.

வெளிய வந்தா செருப்பைக் காணோம். ஹால்ல அதைப் போட்டுக்கிட்டு இவர் நடை பழகுறார்.

"மெத்துன்னு இருக்குது. மாதா ஒண்ணும் சொல்லல"ங்கறார்.

மாதா பொறுமைசாலி. நான் இல்ல. செருப்பு இப்ப என் தலகாணிக்கு அடியில இருக்குது.