பாக்குற வாரம்

செப்டம்பர் 2, செவ்வாய்

மூணாம் நம்பர் லிஃப்ட்டுல கதவு சென்சார் மாத்தினேன். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். துப்புரவு வேலை பாக்குறவங்களோட கார்டு எதுவும் ஆபீஸ் நேரத்துல லிஃப்ட்டுல வேலை செய்யாத மாதிரி பண்ணிடணுமாம். ஈர மாப்பு வாடை தாங்கலன்னு மேல்மாடி கம்பெனிக்காரங்க புகாராம். அவங்களுக்குன்னு இருந்த சர்வீஸ் லிஃப்ட் பழுதாகி மூடிக் கிடக்கு, செலவாகும்னு இவர்தான் தள்ளிப் போட்டுட்டே வர்றார். அப்ப அவங்க எப்படி சார் மேல போவாங்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. பண்ணிக் கொடுத்துட்டேன். இப்பல்லாம் யார் எது சொன்னாலும் சரின்னுடறேன். சரின்னா பேச்சு அதோட முடிஞ்சுடுதுல்ல.

வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு இப்ப யோசிச்சா வரல.

செப்டம்பர் 4, வியாழன்

அத்தை போன் பண்ணாங்க. "மாப்பிள்ளை, அவ துணியெல்லாம் யாருக்காச்சும் கொடுத்துடுங்க, மனசு லேசாகும்"னாங்க. என் பொண்டாட்டியப் பெத்தவங்க. அவங்களுக்கு லேசாச்சான்னு நான் கேக்கல. அலமாரியத் திறந்தேன். மூடிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் பின்னாடி இருக்கற ரூமோட சாவி இன்னும் என்கிட்டதான். பூசை முடிஞ்சதும் அங்க கூட்டம் நடத்தினது அவ. வீட்டு வேலை, துப்புரவு, தையல்னு உழைக்கறவங்க வட்டமா உக்காந்து பேசுவாங்க. அவ போய்ட்டா, கூட்டம் போகல. இன்னிக்கும் வந்து வாசல்ல நின்னாங்க. திறந்து விட்டேன், உள்ள வந்து உக்காருங்கன்னு என்னையும் இழுத்துட்டாங்க.

திருச்சபையின் சமூகப் போதனைன்னு பேரு கேட்டாலே கொட்டாவி வரும். அவ அத மூணு வார்த்தையாக்கி சுவத்துல ஒட்டி வெச்சிருக்கா — பார், எடைபோடு, செய். ஒரு வாரம் பாக்கறது. அடுத்த வாரம் பாத்தத சுவிசேஷத்துப் பக்கத்துல வெச்சு எடைபோடறது. அப்புறம்தான் செய்யறது. பாக்குற வாரத்துக்கு ஒரு கண்டிஷன் உண்டு: அவங்கவங்க பாத்தத மட்டும் சொல்லணும், மத்தவங்க வைத்தியம் சொல்லக்கூடாது. எப்பவும் மாட்டறது நான்தான். யாராச்சும் ஃபேன் ஓடலன்னு வாயெடுத்தாலே ஸ்குரூடிரைவரத் தேடுவேன். "இவருக்கு ஒரு பிளாஸ்திரி வாங்கி வாயில ஒட்டுங்கப்பா"ன்னு எல்லார் முன்னாடியும் மானத்த வாங்குவா.

இன்னிக்கும் பாக்குற வாரம். மாடியக்கா பேசினாங்க. எங்க பில்டிங்குல எட்டாவது, ஒம்பதாவது மாடி கூட்டித் துடைக்கறவங்க, அதனால அந்தப் பேரு. புதன்கிழமைலேர்ந்து கார்ட வெச்சா செவப்பு லைட்டு எரியுதாம். ரெண்டு கையிலயும் வாளியோட படியேறுறாங்க. முட்டி வீங்கி ஆறாவது மாடித் திருப்பத்துல உக்காந்தப்ப, ஒருத்தர் காலத் தாண்டிட்டுப் போனாராம். குனிஞ்சுகூடப் பாக்கலையாம்.

செவப்பு லைட்ட எரிய வெச்சது நான்தான்னு அவங்களுக்குத் தெரியாது. வைத்தியம்தான் கூடாது. உண்மையச் சொல்லலாமே? வாய் வரல.

செப்டம்பர் 8, திங்கள்

இருப்புக் கொள்ளல. மாடியக்கா கார்ட மட்டும் திறந்து விட்டேன். அவங்ககிட்ட ரகசியமா சொன்னப்ப, "மத்தவளுகளுக்கு?"ன்னாங்க. முதல்ல உங்க முட்டியப் பாருங்கக்கான்னேன். அவங்க முகம் மலரல. ஏன்?

செப்டம்பர் 11, வியாழன்

நாசம். லிஃப்ட்டுல அக்காவப் பாத்துட்டு எவனோ மேனேஜர்கிட்ட சொல்லிட்டான். யாரோட கார்டத் திருடினன்னு கேட்டு, நாளைலேர்ந்து வராதேன்னுட்டாராம். அக்கா என் பேர வாயத் திறந்து சொல்லல. வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுக்குள்ள மேனேஜர் கிளம்பிட்டார். அந்தச் சம்பளத்துலதான் அக்காவும் பொண்ணும் சாப்பிடறாங்க. நான் என்ன பண்ணித் தொலைச்சேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நான்தான் சார் திறந்து விட்டேன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். அவர் என் தோள்ல தட்டினார். "பொண்டாட்டியப் பறிகொடுத்தவன், ஏதோ மனசு சரியில்லாம பண்ணிட்ட. விடு."

அப்ப அக்கா?

"ரூல் ரூல்தாம்ப்பா."

எனக்குத் தோள்ல தட்டு, அவங்களுக்குக் கழுத்தப் புடிச்சுத் தள்ளு. அவ செத்தத எனக்குச் சலுகைச் சீட்டாக்கிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் கோவம் வந்துச்சு.

செப்டம்பர் 14, ஞாயிறு

எடைபோடற வாரம். செவ்வாய்க்கிழமை செஞ்சது, திங்கக்கிழமை செஞ்சது, எல்லாத்தையும் வட்டத்துல சொல்லிட்டேன். தையல்காரம்மா "அட பாவி மனுஷா"ன்னாங்க. மாடியக்கா திட்டல. திட்டியிருந்தா தேவலை.

"நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சீங்க தம்பி. ஆனா உங்க இஷ்டத்துக்குத் திறந்தது நாளைக்கு உங்க இஷ்டத்துக்கு மூடிக்கும். நான் மட்டும் சொகுசா மேல போய்ட்டு, படியில மூச்சு வாங்கறவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவ இதேதான் சொல்லுவா — ஒருத்தருக்கு நியாயமா சேரவேண்டியத தானம் மாதிரி நீட்டாதே. நான் எத்தனையோ தடவை சுவத்தோரமா உக்காந்து கேட்டிருக்கேன். காதுல விழுந்திருக்கு, அவ்வளவுதான்.

கூட்டத்த எட்டிப் பாத்த பங்குச் சாமியார்கிட்ட, மேனேஜர்கிட்ட நீங்க வந்து பேசுங்க ஃபாதர்னு கேட்டோம். மாட்டேன்னுட்டார். "நான் வந்தா அவர் என்கிட்ட பேசி, டீ கொடுத்து அனுப்பிடுவார். அவர் பேச வேண்டியது உங்ககிட்ட."

செப்டம்பர் 17, புதன்

போனோம். பில்டிங்குல துப்புரவு பாக்குற எல்லாரும், முன்னாடி மாடியக்கா, கடைசில நான். கோஷம் கிடையாது. கூட்டத்துல பேசற மாதிரியே, பாத்தத மட்டும் ஒவ்வொருத்தரா சொன்னாங்க. வீங்கின முட்டி. கர்ப்பமா இருக்கற பொண்ணு வாளியோட நாலாவது மாடில நின்னது. படியில சிந்தின தண்ணில கிளார்க் ஒருத்தர் வழுக்கினது. மேனேஜர் சண்டைக்குத் தயாராத்தான் உக்காந்திருந்தார். சண்டையே வராததால என்ன பண்றதுன்னு தெரியாம பேனாவ மூடி மூடித் திறந்தார்.

"சரிம்மா, இப்ப என்னதான் வேணும்?"

"எங்களப் பத்தி முடிவெடுக்கறப்ப எங்களையும் கூப்பிடுங்க சார். மொதல்ல அது"ன்னாங்க மாடியக்கா.

அப்புறம்தான் மத்தது: அக்காவுக்கு வேலை, சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர், அது வரைக்கும் எல்லார் கார்டும். ரிப்பேர் ஆகுமான்னு என்னப் பாத்தார். ஸ்டோர்ல பழைய பார்ட்ஸ் இருக்கு, நானே பண்ணுவேன், ஆனா அக்கா திரும்ப வந்தாத்தான் தொடுவேன்னேன். என் தோள்ல தட்ட இந்தத் தடவை அவர் கை வரல. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னார்.

செப்டம்பர் 18, வியாழன்

சரின்னுட்டார். எல்லாத்துக்கும். அப்பாடா!

செப்டம்பர் 25, வியாழன்

சர்வீஸ் லிஃப்ட் ஓடுது. முதல் ஓட்டத்துக்கு அக்காவும் வாளியும் நானும். "தம்பி, நடுவுல கிடுவுல நின்னுடாதுல்ல? நேத்து ஜெபமாலை சொல்லாமலே தூங்கிட்டேன்"னாங்க. சிரிச்சுட்டேன். சின்ன ரூம் மாதிரி இருக்கா, சத்தம் எனக்கே திரும்பி வந்துச்சு. யார்றா இதுன்னு இருந்துச்சு.

செப்டம்பர் 28, ஞாயிறு

மறுபடி பாக்குற வாரம். சுத்தி வந்து என் முறை. லிஃப்ட்டப் பத்தித்தான் சொல்லப் போறேன்னு நெனச்சேன்.

"பாத்ரூம் டம்ளர்ல என் பிரஷ் பக்கத்துல அவ பிரஷ் இருக்கு. காலையில என்னுத எடுக்கறப்ப அது சாயும். நிமித்தி வெச்சுட்டு வர்றேன். தெனம்."

அவ்வளவுதான் சொன்னேன். ஒருத்தரும் வைத்தியம் சொல்லல. மனசத் தேத்திக்கோங்கன்னு சொல்லல, வயசிருக்கேன்னு சொல்லல. மாடியக்கா தலைய ஆட்டிட்டு, அப்படியே அடுத்த ஆளப் பாத்தாங்க. தையல்காரம்மா அவங்க பாத்தத ஆரம்பிச்சாங்க.

ரூமப் பூட்டிட்டு வெளிய வந்தா சரியான பசி. தெருமுனைக் கடையில சாப்பிட்டேன். சூடா இருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மி.