சிவப்புப் பக்கம் நகர்ந்த கோடு

மே 5, திங்கள்

வெளியே 39 டிகிரி. உள்ளே 22. அம்மாவின் லேபில் சிறைவாசம், முதல் நாள். குற்றம்: நிக்டியில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று தாள் ஒட்டியது. எட்டு மாடி ஏறிவிட்டு செகரட்டரி அங்கிள் நேராக அப்பாவிடம். தண்டனை: இரண்டு வாரம் அம்மாவின் கண் முன்னால்.

ஜன்னல் இல்லை. லேசர் உண்டு. சச்சின் உண்டு: அம்மாவிடம் பிஎச்.டி. செய்பவன், பிஸ்கட்டில் பாதி தருபவன்.

அவன் செய்த சிலிக்கான் ஏட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லிசு, முழுக்க ஓட்டை, அந்தரத்தில் தொங்குகிறது. அகச்சிவப்பு ஒளி உள்ளே போனால் மாட்டிக்கொள்ளுமாம்.

“எவ்வளவு நேரம்மா மாட்டும்?”

“உன்னைவிடக் கம்மிதான்டி.”

மே 6, செவ்வாய்

செம போர். மாட்டிய ஒளி திரையில் ஒரு கோடாகத் தெரியும்; ஏடு சூடானால் அது சிவப்புப் பக்கம் நகர்ந்து அளவு தப்பாகிவிடும். சூட்டைச் சரியாக வைக்கும் பெட்டி ரிப்பேருக்குப் போயிருப்பதால் ஏசிதான் கதி. ரிமோட் அம்மாவின் டிராயரில், பூட்டி. யாரும் தொடக்கூடாது.

நான் தொடவில்லை. என் போனிலேயே ரிமோட் இருக்கிறதே! அதுவும் அகச்சிவப்புதான். புத்தகத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அழுத்து. 25. சச்சின் ஸ்வெட்டரைக் கழற்றினான். சிரிப்பை அடக்கி வயிற்றுவலி. சாயங்காலம் மறுபடி 22.

மே 7, புதன்

சிரிப்பு போச்சு. நேற்றைய கோடு நகர்ந்திருக்கிறது. அம்மா சச்சினை இங்கிலீஷில் வறுத்தெடுத்தாள். ஏட்டைச் செய்ததிலேயே கோளாறாம். தொங்குகிற ஏடு, லேசர் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறதாம். வேறு ஏடு செய்ய இரண்டு மாதம். அவன் தீஸிஸ் கொடுக்க ஒரு மாதம்.

“பதா நஹி, மேடம்,” என்றான். தெரியலையாம். டிபன் திறக்கவில்லை. எனக்கு மட்டும் பிஸ்கட்டை நீட்டினான். வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

சொன்னால் போன் போகும். சனிக்கிழமை கடக்வாஸ்லா அணைக்குப் போவதும் போகும்.

மே 8, வியாழன்

சச்சின் ஏட்டை டப்பாவில் வைத்து, மேலே ‘வேஸ்ட்’ என்று எழுதப் பேனாவைத் திறந்தான்.

“அம்மா, நான்தான்.”

“என்னடி நான்தான்?”

டப்பாவிலிருந்து ஏட்டை எடுத்து மாட்டச் சொன்னேன். போனை நீட்டி, அழுத்தினேன். 25. இருபது நிமிடம், மூவரும் திரையையே பார்த்தோம். கோடு நகர்ந்தது. 22 வைத்தேன். பழைய இடத்துக்கே வந்தது.

அம்மா திட்டவில்லை. அதுதான் பயம். “போனைக் குடு.”

கொடுத்தேன். கடக்வாஸ்லா கான்சல்.

சச்சின் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவிடமிருந்து போனை வாங்கினான். டப்பாவைத் தள்ளிவிட்டு நோட்டைத் திறந்து, 22-லும் 25-லும் கோடு நின்ற இடத்தைக் குறித்தான். போனை என் கையில் வைத்தான்.

“இப்போ 23,” என்றான் இந்தியில். “அப்புறம் 24. சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதே.”