அப்பாவின் பேட்டி

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? வேளைக்குச் சாப்பிடு.

இங்கே ஒரு கூத்து. பஸ் ஓட்டுநர்களின் முதுகுவலி பற்றி நான் எடுத்த பேட்டிகளெல்லாம் கல்லூரி நெட்வொர்க்கில் இருக்கின்றன. விடுதியை விட்டு வெளியே அறை எடுத்த பிறகு அவற்றைத் திறக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் லேப் அண்ணனுக்குப் போன் செய்தேன். "விபிஎன் போடாம வெளியிலேர்ந்து எப்படிம்மா தொறக்கும்?" என்று சிரித்துவிட்டு, அதைப் போடச் சொல்லிக்கொடுத்தார்.

திறந்ததும் முதலில் வந்தது, போன வருடம் அப்பாவிடம் எடுத்த பேட்டி. அவர் போன பிறகு அந்தக் குரலை இப்போதுதான் கேட்கிறேன். "வலிக்கத்தான் செய்யுது. உங்கம்மா தேச்சு விட்டா சரியாப் போயிடும். சொன்னா அவ தூங்க மாட்டா, அதான் சொல்றதில்ல."

ஆராய்ச்சியில் பெயர் போடாமல் அவரை 'ஓர் ஓட்டுநர்' என்றுதான் எழுத வேண்டுமாம். மற்றவர்களை எழுதிவிட்டேன். அப்பாவை அப்படி எழுதக் கை வரவில்லை, அம்மா.

அவருடைய காக்கிச் சட்டை ஒன்றை அனுப்பு. இங்கே குளிர். துவைக்க வேண்டாம்.

பேட்டியைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து கேட்காதே, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்