விடியற்காலைப் பிள்ளைகளும் மரணாதார சங்கத்தின் கூடாரமும்

மார்ச் 4, புதன்

விடியும்போதே மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை என்று மாமி, காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்திலிருந்து ஐந்தரைக்கே திரும்பிவிட்டார். மகள் மதுஷாவை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன். மழை பெய்தால் மாமிக்கு அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை; பெய்யாவிட்டால் மதுஷாவை எங்கே விடுவது என்ற கவலை எனக்கு. எதை வேண்டிக்கொள்வது?

மழை இல்லாத நாளில் மாமி ஐந்து மணிக்கு ரப்பர் மரத்தடியில் நிற்க வேண்டும். எனக்குத் தெரணியகலை பஸ் ஐந்தே முக்காலுக்கு. பிள்ளைகளைப் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பிரா திறப்பது ஏழு மணிக்கு. நடுவில் மதுஷாவும் இன்னும் எட்டுப் பிள்ளைகளும் விஜயகலாவிடம், பழைய லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பிராவில். போன நவம்பர் மழையில் அதன் கூரைத் தகரம் பாதி போய்விட்டது. நேற்று விஜயகலா சொன்னாள்: "இந்தத் தகரத்துக்கு ஒரு வழி பண்ணுங்க டீச்சர். நனைஞ்ச புள்ளைகள வச்சுக்கிட்டு என்னால முடியாது. நான் கார்மண்ட்டுக்குப் போயிருவேன்."

அவள் தையல் தொழிற்சாலைக்குப் போனால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

மார்ச் 6, வெள்ளி

பிரதேச சபைக்குப் போனேன். தொண்டு வேலை செய்யும் சங்கங்களுக்கு வருடா வருடம் சின்ன மானியம் உண்டாம், காசாக அல்ல, பொருளாக. ஆனால் சங்கம் பதிவாகியிருக்க வேண்டும். விஜயகலாவின் காம்பிராவுக்கு ஏது பதிவு? மானியப் பகுதியில் இருக்கும் பளீலா மிஸ் இரக்கப்பட்டார். "இனிப் பதியப் போனா அடுத்த வருஷந்தான் மகள். உங்க தோட்டத்துல பதிஞ்ச சங்கம் ஒண்ணுமே இல்லையா?"

இருக்கிறது. சாவு வீட்டுக்குக் கைகொடுக்கும் மரணாதார சங்கம். கடிதம் எழுதத் தெரியும் என்பதால் அதற்கு நான்தான் செயலாளர்.

சிங்களப் படிவம். சங்கத்தின் பெயர்: மரணாதார சங்கம். செய்யும் சேவை: அதிகாலைப் பிள்ளைப் பராமரிப்பு. தேவை: கூரைத் தகரம், ஆணி. மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன்.

மார்ச் 7

தலைவர் செல்லையா ஐயா கையெழுத்துப் போடும்போது, "சாவுக்கு உள்ள சங்கத்துல புள்ளைகளுக்குக் கேட்டா குடுப்பானுகளா?" என்றார். சங்க விதிகள் எழுதிய யாப்பில் 'பொதுநலம்' என்ற சொல் இருப்பதைக் காட்டினேன். "படிச்ச புள்ள நீங்க, சரியாத்தான் இருக்கும்" என்று போட்டுவிட்டார்.

அந்த நம்பிக்கைப் பேச்சுக்குத்தான் எனக்குப் பயம்.

ஏப்ரல் 2

பதில் இல்லை. விஜயகலா கிழிந்த தகரத்துக்குக் கீழே உரச் சாக்கைக் கட்டியிருக்கிறாள்.

மே 7

கடிதம் வந்துவிட்டது! மானியம் அங்கீகாரம். மாமி பாயசம் வைத்தார்.

மே 12, செவ்வாய்

என்ன நடந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

லொறி வந்தது. இறக்கினது ஒரு பெரிய வெள்ளைக் கூடாரம், இரும்புக் கால்கள், இருபத்தைந்து பிளாஸ்டிக் கதிரைகள். கூடாரத்தின் முன்பக்கத் துணித் தொங்கலில் கறுப்பெழுத்தில், சிங்களத்திலும் தமிழிலும்: மரணாதார சங்கம். ஒரு தகரம் இல்லை, ஓர் ஆணி இல்லை. சாரதி அவசரப்படுத்தினான், நான் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்?

படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். தகரம் என்றுதான் எழுதியிருக்கிறேன். பளீலா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் விண்ணப்பக் கோவையைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரணாதார சங்கம் எல்லாத்துக்கும் ஒரே சாமான்தான் மகள் வாங்குற. பேரப் பாத்து அந்தப் பட்டியல்ல போட்டுட்டாங்க போல. கையெழுத்தும் வச்சிட்டீங்க. இனித் திருப்பிக் குடுக்கேலா." எழுத்தை அழிக்கலாமா என்று கேட்டேன். ஆய்வுக்கு வருவார்களாம், எழுத்து இருக்க வேண்டுமாம்.

அப்படியானால் பிழை யாருடையது? அந்தப் பெயரைக் கொடுத்தது நான்தானே. இல்லை, கீழே வாசிக்காதது அவர்கள். இல்லை — தெரியவில்லை.

மே 17, ஞாயிறு

செல்லையா ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். சாவுக்குப் பழைய கூடாரமே போதும், புதியதைப் பிள்ளைகளுக்குக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். காம்பிராவுக்கு மேலேயே கட்டியாயிற்று. விஜயகலா உள்ளே நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சோதித்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. "இது போதும் டீச்சர், கார்மண்ட்ட அப்புறம் பாப்போம்" என்றாள்.

நானும் சிரித்தேன். அந்த எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 18, திங்கள்

ஒன்பதில் நான்கு பிள்ளைகள்தான் வந்தார்கள். ஷாமிளா தன் மகன் லோஜனை ரப்பர் மலைக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த அட்டைக் கடிக்குள், இருட்டில், மூன்று வயசுப் பிள்ளையை. பின்னேரம் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சாவுக் கூடாரத்துக்குக் கீழ புள்ளையப் போட்டுட்டு எப்படிங்க டீச்சர் நிம்மதியா மரத்துல கத்தி வைக்கிறது?"

ஒரு சாவுக்கும் கட்டாத புதுக் கூடாரம் என்றேன். எழுத்து யாரை என்ன செய்யும் என்றேன். வகுப்பில் பேசுவது மாதிரிப் பேசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதுஷாவும் இன்று போகவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை. இருந்தால் நல்லது என்று மூன்று தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என்ன அம்மா நான்?

கொழும்பிலிருந்து மதுஷாவின் அப்பா யோகராஜ் போனில் சொன்னார், "பயமாருந்தா கழட்டிருங்க." கழற்றினால் மழை. கழற்றாவிட்டால் இது. அவருக்குச் சொன்னால் விளங்காது. எனக்கே விளங்கவில்லையே.

மே 20, புதன்

இன்றும் லீவு. இனிமேல் கேட்க முடியாது.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் விஜயகலா. மதுஷா வாளியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் விட்டுருச்சா டீச்சர்?" என்று கேட்டாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நானும் அதுக்குக் கீழதான் ரெண்டு மணித்தியாலம் உக்காந்திருக்கேன். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

இதைவிடக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

மே 22, வெள்ளி

ஐந்து பத்துக்கு மதுஷாவைத் தூக்கிக்கொண்டு போனேன். தொங்கலுக்குக் கீழே போகும்போது அவள் தலையை என் கையால் மூடிக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல். விஜயகலா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பஸ் பாதி வழியில் போகும்போது மழை பிடித்தது. இறங்கிவிடலாமா என்று இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தேன். இறங்கவில்லை.

பின்னேரம் வந்ததும் முதலில் மதுஷாவின் தலையைத் தொட்டேன். காய்ந்திருந்தது. காலையில் நடந்ததை மாமி சொன்னார். மழைக்கு மலையிலிருந்து இறங்கி ஓடிவந்த ஷாமிளா, பிள்ளையோடு கூடாரத்துக்கு வெளியே நின்று நனைந்திருக்கிறாள். உள்ளே மதுஷா தூங்குவதைப் பார்த்துவிட்டு, "டீச்சர் புள்ளையா அது?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு லோஜனை உள்ளே இறக்கி விட்டிருக்கிறாள்.

போய்ப் பார்த்தேன். லோஜனின் நனைந்த சட்டையையும் மற்றப் பிள்ளைகளின் துணியையும் காயப்போட விஜயகலா தொங்கலின் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறாள். 'மரணாதார' முழுதும் மறைந்துவிட்டது. 'சங்கம்' மட்டும் தெரிகிறது.

வேண்டுமென்றுதான் அந்த இடத்தில் கட்டினாளா? கேட்கவில்லை. மதுஷாவின் ஈரத் துவாயையும் அதே கயிற்றில் போட்டுவிட்டு வந்தேன்.