மில் ஓடும்போது எழுதியவனுக்கு

என் பாசமுள்ள மச்சான் ராஜனுக்கு,

நீ கண்ணை மூடி இந்தத் தை மாதத்தோடு மூன்று வருஷம். மீன் குழம்பு வைக்கும் நாளில் உன் அக்கா, "வால் துண்டு ராஜனுக்கு" என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொள்கிறாள். நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இப்போது உனக்கு அடையாளம் தெரியாது. ரயில்வே வீடுகளை இடித்துவிட்டுப் பெரிய ஸ்டேஷன் கட்டப்போகிறார்களாம். நம் மிளகாய் மில் மட்டும் இன்னும் தும்மல் குறையாமல் ஓடுகிறது.

உனக்கு ஒரு செய்தி. டீச்சர் வேலை பார்க்கிற என் மகள் மீனா போன மாதம் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தாள். கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற மூளை சிலருக்கு உண்டாம். ஏ.டி.எச்.டி. என்று பெயராம். "நான் டாக்டர் இல்லப்பா. ஆனா கேட்கக் கேட்க ராஜன் மாமா ஞாபகம்தான் வந்துச்சு. அது சோம்பேறித்தனம் இல்லையாம்" என்றாள். சோம்பேறி என்ற பெயரை உனக்குச் சூட்டியவன் நான்தானே?

அந்தக் காலத்தில் உன் பெட்டியில் ஏழு நோட்டுகள் இருந்தன. ஏழிலும் முதல் அத்தியாயம் மட்டும். கதை எழுதுகிற நம் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் அதை வாசித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்பார்கள். நீ தலையைச் சொறிவாய். நான் வியாபாரி. சரக்கு நல்ல சரக்கு, இடம்தான் சரியில்லை என்று கணக்குப் போட்டேன். நீ எழுதுவதற்காகக் கிள்ளானில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை பிடித்தேன். மேசை, காற்றாடி, ஒரு கட்டுக் காகிதம். தெருச் சத்தம் வராத பின்பக்க அறை.

ஒரு மாதம் கழித்து நண்பர்களோடு வந்து பார்த்தேன். கிறீச்சிட்ட காற்றாடியைச் சரிசெய்திருந்தாய். கதவுப் பூட்டையும் கடைக்காரர் ரேடியோவையும் பிரித்து மாட்டியிருந்தாய். காகிதம் அப்படியே இருந்தது.

"சத்தமே இல்ல அத்தான். அதனால மண்டைக்குள்ள இருக்கிற சத்தமெல்லாம் ஒண்ணா வந்துடுது."

"இவ்வளவு வசதி செஞ்சும் எழுதலன்னா நீ சோம்பேறி லா. இனிமே எழுத்தாளன்னு சொல்லிக்காதே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு இரண்டு வருஷம் நீ பேனா பிடிக்கவில்லை.

அப்புறம் அந்தத் தீபாவளி. மில்லில் ஆள் போதாமல் உன்னைக் கூப்பிட்டேன். அரைக்க வந்தவர்களின் டின்கள் வரிசையில், இயந்திரத்தின் இரைச்சல், ஆளுக்கு ஆள் அவசரம். அதற்கு நடுவில் நீ காகிதப் பையின் முதுகில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாய்.

"தம்பி, என் மல்லியைப் பாரு. கதையை அப்புறம் எழுது!" என்று காப்பார் ஊர்க்கார ஆன்டி கத்தினார்.

"உங்க மல்லி அரைய அஞ்சு நிமிஷம் ஆகும் ஆன்டி. அதுக்குள்ள இந்தப் பொண்ணுக்குக் கல்யாணத்தை முடிச்சிடுறேன்."

அடுத்த வாரம் அந்த ஆன்டி டின்னை இறக்கி வைக்கும் முன்பே, "மாப்பிள்ளை எப்படி, குடிகாரனா?" என்று கேட்டார். உன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மீதி எங்கே என்று உன்னைக் குடைந்தவர்கள் உண்டு. அடுத்தது என்ன என்று ஆசையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

எனக்குக் கொஞ்சம் புரிந்தது. முழு நாவல் என்றால் நீ மலைத்துப்போகிறாய். ஒரு டின் அரைந்து முடிகிற நேரம் உன் கைக்கு அடங்குகிறது. அதற்குப் பிறகு உன்னை மில்லிலேயே வைத்துக்கொண்டேன். புத்தகம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. "இன்னிக்கு எத்தனை டின் எழுதினே?" என்று மட்டும் கேட்டேன். மூன்று என்பாய். சில நாள் ஒன்றுமில்லை என்பாய். ஒன்றுமில்லாத நாளை நான் பேசாமல் விட்டதுதான் நான் செய்த நல்ல காரியம். பதினைந்தாம் அத்தியாயத்தை எழுதிவிட்டு நாலுக்குத் திரும்புவாய். எந்த வரிசையில் வந்தாலும் உன் அக்கா நூல் கோத்துக் கட்டி வைத்தாள். அடுத்த தீபாவளிக்குள் நாவல் முடிந்தது.

வெளியீட்டு நாளில் மேடைக்குப் பின்னால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "ஏமாத்திட்டேன்னு தோணுது அத்தான். டின் டின்னா எழுதுனது எப்படி நாவலாகும்?"

பதில் சொல்ல எனக்கு அங்கே நேரம் இருந்தது. "போ லா, கூப்பிடுறாங்க" என்று தள்ளிவிட்டேன். கடைசி வரை, என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும், "மில்லுல வேலை" என்றுதான் சொன்னாய். நான் பிடுங்கிக்கொண்ட எழுத்தாளன் என்ற பெயரை நான்தானே திருப்பித் தந்திருக்க வேண்டும்? வியாபாரத்தில் தப்பான சரக்கு போய்விட்டால் அன்றைக்கே ஆள் அனுப்பி மாற்றிக் கொடுப்பேன். உன் விஷயத்தில் அது ஏன் தோன்றவில்லை?

அன்றைக்குச் சிரித்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நான் சொன்னது தப்பு, மச்சான். நீ எழுதியது நாவல்தான்.

இரண்டு வருஷமாக உன் நினைவு நாள் விளம்பரத்தில் படத்துக்குக் கீழே வெறும் பெயரைத்தான் போட்டேன். இந்தத் தையிலிருந்து, நான் உயிரோடு இருக்கிற வரைக்கும், 'எழுத்தாளர் ராஜன்' என்றே வரும். உன் அக்கா சாட்சி.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய அத்தான்,
சண்முகம்