தலைவரை இறக்கும் வழி

மே 5, ஞாயிறு

பேத்தி லோஜினி செய்த விளையாட்டை இன்று மறுபடி விளையாடினோம். இன்றும் லயத்து வீட்டு வரிசை மண்ணுக்குள் போய்விட்டது. அட்டையில் வரைந்த லயம்தான்.

மண் சரிவதற்கு முன் லயத்து ஆட்கள் இருபது பேரையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். எந்தப் பாதை என்று தலைவர் சொல்வார். விளையாடுகிறவர்களில் ஒருவருக்குத் துரோகி சீட்டு விழும். அவர் காட்டிக்கொள்ளாமல் கெடுப்பார்.

விளையாடியது நான், மகன் சுதாகரன், மருமகள் ஜீவராணி, பக்கத்து வீட்டுப் பொன்னையா அண்ணன். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கத் தலைவர். அதனால் விளையாட்டிலும் அவரையே தலைவராக்கினோம். துரோகி சீட்டும் அவருக்கே விழுந்தது. பிள்ளைத்தாய்ச்சியை ஆற்றோரமாக அனுப்பும்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தலைவரை மாற்ற வேண்டுமென்றால் கை தூக்குங்கள் என்றாள் லோஜினி. ஒருவரும் தூக்கவில்லை. நானும்தான். நாளைக்குத் தோட்டத்துத் துரையிடம் நமக்காகப் பேசப் போகிறவர். அவர் மூஞ்சிக்கு நேரே எப்படித் தூக்குவது?

மே 7

இரண்டு கை போதும் என்று லோஜினி மாற்றிப் பார்த்தாள். ஒரு கைகூட எழவில்லை.

மே 8

ஹட்டனில் புத்தகக் கடை வைத்திருக்கும் ஷிஹாம் ஞாயிறு வருகிறார். பிடித்தால் அச்சடிப்பார். தலைவரே துரோகியானால் ஆட்டம் அங்கேயே செத்துவிடுகிறது, அதற்கு வழி வேண்டும் என்று போன மாதமே சொன்னாராம். வழி கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாள் லோஜினி.

ரெண்டு வருசமா வரைஞ்ச புள்ள. எனக்குச் சோறு எறங்கல. அஞ்சாம் வகுப்பு படிச்சவ என்னத்தக் கண்டேன்? ஆனா இந்தத் தோட்டத்துல என் பேத்தி மாதிரி ஒருத்தி உண்டா — அவளப் போக விடுறதா?

மே 10

எல்லார் கொழுந்தையும் ஒரே படங்கு விரிப்பில் கொட்டியபிறகு, முத்தல் இலை யார் பறித்தது என்று எந்தக் கங்காணிக்கும் தெரியாது. காலையில் இதைத்தான் சொன்னேன். ஆளுக்கு ஒரு கொழுந்து, ஒரு முத்தல். தலைவர் இருக்கட்டும் என்றால் கொழுந்து, இறங்கட்டும் என்றால் முத்தல். துணிப்பைக்குள் கைவிட்டுப் போட வேண்டும். மற்றதை மறைத்துக்கொள்ள வேண்டும்.

“சரிவருமா அப்பாயி?” என்றாள் லோஜினி.

தெரியாதுடி. தெரியாது.

மே 12, ஞாயிறு

ஷிஹாம் தம்பி வந்தார். திட்டு வாங்கி அலுத்துப்போச்சு, நீயே தலைவியா இரு என்று பொன்னையா அண்ணன் நழுவிவிட்டார். எனக்கு நல்ல சீட்டு. நல்ல பாதையாகவே பார்த்து அனுப்பினேன். இன்னும் நாலு பேர்தான் பாக்கி.

அப்போது ஜீவராணி புருசனிடம் மெதுவாகக் கேட்டாள்: “மாமி ஏன் கைப்புள்ளக்காரியக் கடைசியில விட்டாங்க?”

பை சுற்றி வந்தது. கொட்டினால் ஒரு கொழுந்து. அது என்னுடையது. மூணு முத்தல். பெத்த மகன்கூட.

நான் இறங்கினேன். ஜீவராணி தலைவியானாள். மிச்சம் நாலு பேரையும் நேரே சரிவுக்கு அனுப்பினாள். துரோகி அவள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

இனி யாரையும் இறக்கலாம், நல்ல தலைவரையும் இறக்கிவிடலாம், இதுதான் விளையாட்டு என்றார் ஷிஹாம் தம்பி. அச்சடிக்கிறாராம். லோஜினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சந்தோசந்தான். ஆனா நான் துரோகின்னு அத்தன லேசா நம்பிட்டாங்களே. இருபத்தாறு வருசம் ஒரே அடுப்பு, என் சொல்லுக்கு மறுசொல்லு கேட்டதில்ல. அத மரியாதன்னுதானே நெனச்சேன்?

மே 13

பருப்புக்கு உப்புப் பத்தவில்லை மாமி என்று ஜீவராணி என்னிடமே சொன்னாள்.

போட்டேன்.